குழாய்க்குள் காணாமல்போகும் ஐந்து சுரங்கள்

பள்ளிப் பேண்டில் சேரும் பிள்ளைகளில் யூஃபோனியத்தைத் தானே கேட்டு வாங்கியவர்கள் குறைவு. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்மும் கைமாறிப் போன பிறகு, மூலையில் மிச்சமிருக்கும் அந்தப் பித்தளை மூட்டையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். படிவம் ஒன்றில் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்ட பிள்ளை, படிவம் மூன்றுக்குள் அதன் குரலில் மயங்கி, வேறு வாத்தியத்துக்கு மாற மறுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. இளையோர் காற்றிசைக் குழு ஒன்றின் ஆடிஷன், ஏபிஆர்எஸ்எம் தேர்வின் மேல் நிலைகள், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலோ செராஸில் உள்ள யுசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்திலோ இசை படிக்க விண்ணப்பம் என எந்த வழியில் போனாலும், ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்து கோட்டுக்கும் கீழே துணைக்கோடுகளில் தொங்கும் சுரங்கள் கொண்ட ஒரு பகுதி முன்னால் வந்து நிற்கும்.

அந்தப் பகுதி வரவில்லை என்று பிள்ளை சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இன்னும் பலமாக ஊது". கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் எத்தனையோ பேண்ட் அறைகளில் ஒலிக்கும் இந்த அறிவுரை இரண்டு விதத்தில் தவறு. கீழ் சுரங்களுக்கு வேண்டியது பலம் அல்ல என்பது ஒன்று. சில சுரங்கள் எவ்வளவு ஊதினாலும் வராது, ஏனென்றால் அவை அந்த வாத்தியத்திலேயே இல்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பயிற்சி செய்தால், வாத்தியத்தின் குறையைப் பிள்ளை தன் குறையாக எண்ணிச் சோர்ந்துபோகும்.

முதலில் குழாயின் கணக்கைப் பார்த்துவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பள்ளிக் கணிதத்துக்கு மேல் எதுவும் இல்லை.

யூஃபோனியத்தை அவிழ்த்து நேராக்கினால் ஏறக்குறைய 275 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதும்போது, பேஸ் கிளெஃபில் இரண்டாவது கோட்டில் உட்காரும் பி ஃபிளாட் வரும். அதே திறந்த குழாயில் உதட்டை இன்னும் தளர்த்தினால் ஒரு ஸ்தாயி கீழே, நொடிக்கு சுமார் 58 அதிர்வுகள் கொண்ட பி ஃபிளாட் கிடைக்கும். இந்த இரண்டு பி ஃபிளாட்டுக்கும் நடுவில் இருக்கும் சுரங்களை வால்வுகள்தான் தர வேண்டும். ஒவ்வொரு வால்வும் கூடுதலாக ஒரு துண்டுக் குழாயைத் திறந்துவிடுகிறது. இரண்டாவது வால்வு அரைச்சுரம் இறக்கும், அதற்கு 16 சென்டிமீட்டர் போதும். முதல் வால்வு ஒரு முழுச்சுரம் இறக்க 34 சென்டிமீட்டர். மூன்றாவது ஒன்றரைச் சுரம் இறக்க 52.

மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்று முழுச்சுரம் இறங்கி ஈ வர வேண்டும். அதற்கு 114 சென்டிமீட்டர் கூடுதல் குழாய் தேவை. ஆனால் 16, 34, 52 மூன்றும் சேர்ந்தால் 102தான். பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. காரணம் எளிது: குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டால், அதிலிருந்து இன்னொரு அரைச்சுரம் இறக்குவதற்கும் முன்பைவிட நீளமான துண்டு வேண்டும். ஒவ்வொரு வால்வின் துண்டோ, தனியாக அழுத்தப்படும்போது சரியாக இருக்கும் அளவில் வெட்டப்பட்டது. ஆகவே கணக்குப்படி அந்த ஈ, கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி அளவு மேலே ஏறி நிற்கிறது. செய்பவர்கள் மூன்றாவது துண்டைக் கொஞ்சம் நீட்டி இதை ஓரளவு சமாளிக்கிறார்கள், ஆனால் முழுதாக மறைக்க முடிவதில்லை.

மூன்று வால்வு மட்டும் உள்ள யூஃபோனியத்தில் அந்த ஈதான் எல்லை. அதற்குக் கீழே ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி என்று ஐந்து சுரங்கள் முறைப்படி கிடையாது. அதன் பிறகு திறந்த பி ஃபிளாட் மறுபடி வரும். நம் பள்ளிகளில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கப்படும் யமஹா ஒய்ஈபி-201 மாதிரியான வாத்தியங்கள் இந்த வகை. அதில் கீழ் சி வாசிக்கவில்லை என்று ஒரு பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை.

நான்காவது வால்வு வந்தால் நிலைமை மாறுகிறது, ஆனால் முழுதாக அல்ல. அது தனியாக எஃப் வரை, அதாவது இரண்டரைச் சுரம் இறக்கும். இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் ஈ, முன்பைவிட ஒழுங்கான சுருதியில் வரும். ஈ ஃபிளாட், டி என்று இறங்க இறங்கப் பழைய பற்றாக்குறை மறுபடி தலைகாட்டும். நான்கு வால்வையும் அழுத்தினால் பெயரளவில் பி வர வேண்டும். அதற்கு வேண்டிய கூடுதல் குழாய் 244 சென்டிமீட்டர், இருப்பது 194. அரை மீட்டர் குழாய் இல்லாமல் பி எங்கிருந்து வரும்? டி ஃபிளாட்டுக்கும் சிக்கும் நடுவே ஏதோ ஒன்று வருகிறது. பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் ஒய்ஈபி-321 வகை வாத்தியங்களின் நிலை இதுதான். சியை உதட்டாலும் டியூனிங் குழாயை இழுத்தும் வரவழைக்கலாம். பி வராது.

இந்தக் கணக்கை நேர்செய்தவர் லண்டன் பூசி நிறுவனத்தில் இருந்த டேவிட் ஜேம்ஸ் பிளைக்லி. 1874இல் அவர் காப்புரிமை பெற்ற 'காம்பென்சேட்டிங்' முறையில், நான்காவது வால்வை அழுத்தியதும் காற்று மற்ற வால்வுகளின் வழியாக இரண்டாம் முறை சுற்றிவருகிறது. அந்தச் சுற்றில் ஒவ்வொரு வால்வின் பின்புறமும் ஒரு சிறிய கூடுதல் துண்டு சேர்ந்துகொள்கிறது. பற்றாக்குறையாக இருந்த சென்டிமீட்டர்கள், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தானாக வந்து சேர்கின்றன. இன்று பெஸ்ஸன் 967, யமஹா 642, 842 ஆகியவை இந்த வகை. விலையும் எடையும் கூடுதல், ஆனால் மேலே சொன்ன ஐந்து சுரங்களும் கிடைக்கும்.

ஆகவே ஆடிஷனுக்குத் தயாராகும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறாய் என்பதல்ல. உன் கையில் இருப்பது எந்த வாத்தியம் என்பதுதான். மூன்று வால்வா, நான்கா, நான்காவது வலக்கைச் சுண்டுவிரலுக்கு வருகிறதா, அல்லது பக்கவாட்டில் இடக்கை விரலுக்கு வருகிறதா? பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் காம்பென்சேட்டிங். சுண்டுவிரல் என்றால் அந்த விரலுக்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும், ஏனென்றால் வேகமான கீழ்ப்பகுதியில் முதலில் தடுமாறுவது உதடு அல்ல, அந்த விரல். மூன்று வால்வு உள்ள சில வாத்தியங்கள் உதட்டை வளைத்தால் திறந்த நிலையில் ஒரு ஈ ஃபிளாட்டைப் போலியாகத் தருவதுண்டு. அவசரத்துக்கு உதவும், நம்பிக் களமிறங்க முடியாது.

வாத்தியம் தெளிவான பிறகுதான் உடம்பு. கீழ் சுரத்துக்கு வேண்டியது காற்றின் அளவு, அழுத்தம் அல்ல. சூடான கோப்பியை ஆற்ற ஊதும் காற்று ஒல்லியாக, வேகமாக, குளிர்ச்சியாக வரும். கண்ணாடியைத் துடைக்கும் முன் "ஹா" என்று விடும் காற்று அகலமாக, மெதுவாக, வெதுவெதுப்பாக வரும். கீழ்ஸ்தாயிக்கு இரண்டாவது காற்றுதான். பலமாக ஊதச் சொன்னால் பிள்ளை முதல் வகையைத்தான் கூட்டும். மவுத்பீஸை உதட்டில் இன்னும் அழுத்தும், கன்னம் உப்பும், சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும், அல்லது கரகரத்து உடைந்துபோகும். செய்ய வேண்டியது தாடையைக் கொஞ்சம் இறக்கி, வாய்க்குள் இடம் விட்டு, உதட்டோரங்களை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்வது. நாக்கின் நிலைக்கு நம் உயிரெழுத்துகளே வழிகாட்டும்: மேல்ஸ்தாயிக்கு 'ஈ', நடுவுக்கு 'ஆ', கீழே போகப் போக 'ஓ'. சுரத்தைத் தொடங்கும்போது 'ட' என்று நாக்கை மடக்காமல், பல்லைத் தொடும் 'த'வில், 'தோ' என்று தொடங்கினால் கீழ் சுரம் மிருதுவாகத் திறக்கும். தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை.

கீழ் சுரங்கள் சிரமம் தருவதற்கு இன்னொரு காரணம் பலருக்கும் தெரிவதில்லை. கீழ் சி நொடிக்கு 65 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கு 15 மில்லிநொடி. அதற்கு இரண்டு ஸ்தாயிக்கு நெருக்கமாக மேலே இருக்கும் பி ஃபிளாட்டுக்கு 4 மில்லிநொடிதான். ஒரு சுரம் காதில் நிலைபெறச் சில அதிர்வுகளாவது வேண்டும் என்பதால், கீழ் சுரங்கள் இயல்பாகவே தாமதமாகப் பேசுகின்றன. பிள்ளை சரியான இடத்தில்தான் ஊதியிருக்கும், ஆனாலும் தாளத்துக்குப் பின்தங்கியதுபோல் கேட்கும். இதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதல்ல. மூச்சைத் தாளத்தோடு முன்கூட்டியே எடுத்து, நாக்கு விலகும் அந்தக் கணத்தில் காற்று தயாராக நிற்கும்படி பழகுவதுதான்.

பயிற்சிக்கு வருவோம். இங்கே நம் வீடுகளில் இருக்கும் ஒரு பொருளைச் சிபாரிசு செய்வேன்: சுருதிப் பெட்டி. அது இல்லையென்றால் கைப்பேசியில் தம்புரா செயலி. டியூனரின் முள்ளைப் பார்த்து வாசிப்பது கண்ணுக்குப் பயிற்சி. சுருதியோடு சேர்த்து வாசிப்பது காதுக்குப் பயிற்சி. ஆறரைக் கட்டை என்றால் பி ஃபிளாட், இரண்டரைக் கட்டை என்றால் ஈ ஃபிளாட். பேண்ட் இசையில் அடிக்கடி வரும் இரண்டு ஆதாரங்களும் தற்செயலாகவே அதில் தயாராக இருக்கின்றன. ஆறரைக் கட்டையை ஒலிக்கவிட்டு, நடு பி ஃபிளாட்டை மெல்லிய ஒலியில் எட்டு எண்ணும் வரை நீட்டுங்கள். அடுத்து ஏ, மறுபடி பி ஃபிளாட். அடுத்து ஏ ஃபிளாட், மறுபடி பி ஃபிளாட். ஒவ்வொரு முறையும் அரைச்சுரம் கூடுதலாக இறங்கி, ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வந்த பி ஃபிளாட் புறப்பட்டபோது இருந்ததுபோலவே ஒலித்தால் உதடு சரியாக இருக்கிறது. ஒலிக்கவில்லையென்றால் இறங்கிய இடம் அன்றைக்கு அதிகம், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பாடப் போகும் பிள்ளைகள், மந்தர ஸ்தாயியில் அகார சாதகம் செய்வது குரலைப் பருமனாக்கத்தான், கத்தப் பழக அல்ல. ஒரே வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடும் பழக்கத்தையும் அப்படியே பேண்ட் அறைக்குக் கொண்டுவரலாம். ஒரே வீட்டில் அக்காள் சரளி வரிசை பாட, தம்பி யூஃபோனியத்தோடு போராடிக்கொண்டிருப்பான். இருவரும் ஒருவர் அறையை ஒருவர் எட்டிப் பார்த்தால் நல்லது. நாதஸ்வரத்தின் கதையும் இதையே சொல்கிறது. உயர்ந்த சுருதியில் ஒலித்த குட்டையான திமிரியின் இடத்தில், தாழ்ந்த சுருதி கொண்ட நீண்ட பாரி நாயனத்தை டி. என். ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்தினார். இன்று ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் கேட்கும் அந்தக் கம்பீரம், குழாய் நீண்டதால் வந்தது. நீண்ட குழாய்க்கு நீண்ட மூச்சு வேண்டும் என்பதை எந்த நாயனக்காரரும் சொல்வார்.

இனி, ஆடிஷன் தாளில் கொடுத்திருக்கும் கடினமான பகுதி. அதை உடனே எழுதியிருக்கும் ஸ்தாயியில் வாசிக்கத் தொடங்குவதுதான் நேரத்தை வீணடிக்கும் வழி. முதலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, வால்வில் விரலை மட்டும் ஓட்டியபடி வாயால் பாட வேண்டும். அடுத்து ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டும். அங்கே உதட்டுக்குச் சிரமம் இல்லாததால், பகுதி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைக் காது பிடித்துக்கொள்ளும். அந்த ஒலி மனதில் நின்ற பிறகுதான் கீழே இறங்குவது, அதுவும் முதல் காலத்தில். கடைசி இரண்டு சுரங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் முறை பலருக்கு உதவுகிறது. எப்போதும் முதலிலிருந்தே தொடங்குகிறவர்களுக்கு முதல் நான்கு சுரங்கள் மட்டும் மனப்பாடம், முடிவு எப்போதும் அந்நியம்.

துணைக்கோடுகளைப் படிப்பதும் தனிப் பாடம். பேஸ் கிளெஃபில் கீழே முதல் துணைக்கோடு ஈ, இரண்டாவது சி. இந்த இரண்டை மட்டும் அடையாளக் கற்களாக வைத்துக்கொண்டால், மற்றவை அவற்றின் மேலோ கீழோ தொங்குபவைதான். பிரிட்டிஷ் பிராஸ் பேண்ட் மரபில் டிரபிள் கிளெஃபில் பழகிய பிள்ளைகளுக்கு இங்கே சிக்கல் அதிகம். அவர்கள் தாளில் சி என்று பார்ப்பது உண்மையில் பி ஃபிளாட்டாக, எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு சுரமும் கீழே ஒலிக்கும். ஆடிஷன் தாள் எந்தக் கிளெஃபில் வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

காற்றிசைக் குழு வாசிக்கும் எவரும் ஒருநாள் சந்திக்கும் கஸ்டவ் ஹோல்ஸ்டின் ஈ ஃபிளாட் 'முதல் சூட்' நல்ல உதாரணம். 1909இல் எழுதப்பட்டது. டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர் ஹோல்ஸ்ட், பித்தளைக் குழாயின் சுபாவம் தெரிந்தவர். அதன் முதல் பகுதியான 'ஷகோன்', டியூபாவும் யூஃபோனியமும் மட்டும் எட்டு பாரில் அதன் மூலக் கருவைச் சொல்லத் தொடங்குகிறது. வேகம் இல்லை, அலங்காரம் இல்லை, மறைந்துகொள்ள வேறு வாத்தியமும் இல்லை. ஈ ஃபிளாட், எஃப், சி என்று மூன்றே சுரத்தில், வாசிப்பவரின் மூச்சும் சுருதியும் சுரத்தைத் தொடங்கும் முறையும் வெளியே தெரிந்துவிடும். தேர்வாளர்கள் கீழ்ப்பகுதியைக் கேட்பது சத்தத்தை அளக்க அல்ல என்பதை இந்த எட்டு பாரே விளக்கும். இரண்டரைக் கட்டை சுருதியோடு தினமும் ஒருமுறை மெதுவாக இதை வாசிப்பது, தடிமனான பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் பாதி முடிப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

எங்கே பயிற்சி செய்வது என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் சின்னக் கேள்வி அல்ல. ரயில் சத்தத்துக்குப் பழகிப்போன பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்காரர்கள்கூட, சுவர் வழியாக ஊடுருவும் கீழ் சுரத்துக்குப் பழகமாட்டார்கள். பயிற்சி மியூட் வாங்கிப் பொருத்தினால் அண்டை வீட்டார் அமைதியடைவார்கள், ஆனால் கீழ்ஸ்தாயி அடைபட்டு, சுருதியும் விலகும். மியூட்டில் சரியாக வந்த கீழ் சுரம், அதைக் கழற்றியதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே வீட்டில் பாடுவதும் விரல் ஓட்டுவதும் மூச்சுப் பயிற்சியும், பள்ளியில் வாத்தியம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பெரிய மவுத்பீஸ் வாங்கித் தந்தால் கீழ் சுரம் வந்துவிடும் என்று நினைக்கும் பெற்றோருக்கு: வராது. பணத்தைப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியருக்குக் கொடுங்கள்.

குளிர்சாதனம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறைகிறது, குழாய் வாத்தியத்தின் சுருதியும் அதோடு இறங்குகிறது. புழுங்கும் பள்ளி வகுப்பறையில் டியூன் செய்து பழகிய பிள்ளை, நடுங்க வைக்கும் தேர்வு அறைக்குள் போனதும் தான் ஏன் தாழ்ந்து ஒலிக்கிறோம் என்று புரியாமல் உதட்டை இறுக்கும். இறுக்கினால் கீழ் சுரம் போய்விடும். காத்திருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் குழாய்க்குள் வெதுவெதுப்பான காற்றை விட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அன்றைக்குக் கீழ் சுரங்களை நெடுநேரம் ஊதிச் சூடேற்றவும் வேண்டாம், தளர்ந்த உதட்டோடு மேல்ஸ்தாயிப் பகுதிக்குப் போனால் அது அடம்பிடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளைகளும் பெற்றோரும் செய்யக்கூடியவை. பேண்ட் மாஸ்டர்களும் ஆடிஷன் நடத்துபவர்களும் செய்ய வேண்டியது வேறு. பல பள்ளிகளில் நடப்பது, அறையில் இருக்கும் ஒரே நல்ல காம்பென்சேட்டிங் வாத்தியம் மூத்த மாணவருக்கு, பழைய மூன்று வால்வு புதியவருக்கு. மூப்புக்கு மரியாதை சரி. ஆனால் ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைக்கு அந்த வாத்தியத்தை வாரத்தில் இரண்டு மாலையாவது கைமாற்றிக் கொடுக்க முடியாதா? வாத்தியத்தின் எடையும் பக்கவாட்டு வால்வும் பழகவே சில வாரங்கள் ஆகும். தேர்வு நாளன்று கடன் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

ஆடிஷன் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாளின் தலைப்பிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: இந்தப் பகுதிக்கு நான்கு வால்வு தேவையா, இல்லையா, மூன்று வால்வோடு வருபவர்கள் அந்த ஐந்து சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாமா, கூடாதா. வாசிக்கலாம் என்று எழுதினால் தேர்வின் தரம் குறையாது. மூச்சும் தாளமும் சுருதியும் மேல் ஸ்தாயியிலும் தெரியத்தான் செய்யும்.